கோலம் போட்ட வண்டி வீடு

"வீடு என்றால் ஓர் இடத்தில் நிற்க வேண்டாமோ?" என்று கேட்டாள் அம்மா.

நியூஸிலாந்தில், ஆக்லண்ட் நகரில், என் தம்பியின் வீட்டு வாசலில் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றபோது அவள் கேட்ட முதல் கேள்வி அது. தம்பி பதில் சொல்லாமல் கதவைத் திறந்து காட்டினான். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளை வீட்டாரின் ஏற்பாடுகளைப் பார்வையிட வந்த சம்பந்தியம்மாளைப் போல உள்ளே ஏறினாள்.

வாசகிகளே! கேம்பர் வேனை நீங்கள் சினிமாவில் பார்த்திருக்கலாம். அதற்குள் ரசம் வைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகவே அதன் லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்னால் டிரைவர் இடம். அதன் தலைக்கு மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒரு பரண். அதுதான் இருவருக்குப் படுக்கை. நடுவில் இரண்டு பர்னர் உள்ள காஸ் அடுப்பு, தாம்பாளம் அளவுக்கு ஒரு தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, நடுவே ஒரு மேஜை. ராத்திரியானால் மேஜையைக் கீழே இறக்கி, மெத்தைகளைப் பரப்பினால் இன்னொரு படுக்கை தயார். நம் வீட்டு பீரோவைவிடச் சற்றே பெரியதாக ஒரு குளியலறை, அதற்குள்ளேயே கழிப்பிடம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி. அழுக்குத் தண்ணீரை நினைத்த இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று ஊருக்கு ஊர் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே போய்த்தான் கொட்ட வேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அடுக்களை இருக்கு, தண்ணி இருக்கு, படுக்கை இருக்கு. வாசல்தான் இல்லை. கோலம் எங்கே போடறது?"

பையில் ஒரு காகிதம்

நாங்கள் நான்கு பேர்: அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, நான். போகிற ஊர் நேப்பியர். வடக்குத் தீவின் கிழக்குக் கரையில், ஹாக்ஸ் பே என்ற விரிகுடாவின் ஓரத்தில், சுமார் 65,000 பேர் வசிக்கும் சின்ன நகரம். ஆக்லண்டிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல்.

எத்தனையோ ஊர் இருக்க, இந்த ஊரை ஏன் தம்பி தேர்ந்தெடுத்தான் என்பது எனக்குத் தெரியும். அவன் பையில் ஒரு காகிதம் இருந்தது.

சென்னை மாம்பலத்தில் எங்கள் அப்பா 1974-ல் கட்டிய வீடு இருக்கிறது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. மழைக்காலத்தில் கூடம் ஒழுகுகிறது. அம்மா தனியாக இருக்கிறாள். "இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம், இரண்டு ஃபிளாட் உங்களுக்கு" என்கிறார் ஒரு கட்டிடக்காரர். தம்பிக்குச் சம்மதம். எனக்கு அரைச் சம்மதம். அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். கையெழுத்து அவள்தான் போட வேண்டும்.

"ஒரு தடவை நேப்பியரைப் பார்க்கட்டும், அக்கா. தரைமட்டமான ஊரைத் திரும்பக் கட்டி, உலகமே வந்து பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்க வேண்டாம். ஊரே சொல்லிவிடும்" என்றான் தம்பி.

முதல் வளைவில் அலமாரியின் கொக்கியைப் போட மறந்ததால் சாம்பார்ப் பொடி டப்பா பறந்தது. அதற்குப் பிறகு வண்டி கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்து, "ம், போகலாம்" என்று உத்தரவு கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. நம் ஊரைப் போலவே இங்கும் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அதனால் அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது.

முதல் ராத்திரி டாப்போ ஏரிக்கரையில் தங்கினோம். 616 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம். எரிமலை வெடித்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். மறுநாள் அங்கிருந்து மலைகளை ஏறி இறங்கி சுமார் 140 கிலோமீட்டர். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு, கண் முன்னால் கடல் வந்து நின்றது.

கிளைவ் இங்கே எப்படி வந்தார்?

நேப்பியரின் கடற்கரைச் சாலைக்கு மரீன் பரேட் என்று பெயர். ஒரு பக்கம் பசிபிக் சமுத்திரம். மறு பக்கம் வரிசையாக உயர்ந்த நார்ஃபோக் பைன் மரங்கள். கிளைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்தது போன்ற மரம். கடற்கரையில் மணல் கிடையாது. எல்லாம் சாம்பல் நிறக் கூழாங்கல். கரை சரேலென்று இறங்குகிறது, அலை இழுத்துக்கொள்ளும். இறங்கிக் குளிப்பது ஆபத்து. மெரினாவில் கால் நனைக்கிற ஞாபகத்தில் செருப்பைக் கழற்றிய அம்மா, நாலு அடி நடந்ததும் "இது கடற்கரையா, ரோடு போடக் கொட்டின ஜல்லியா?" என்று திரும்பிவிட்டாள்.

ஊருக்குள் நடந்தோம். தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்த தம்பி மனைவி, "ஹேஸ்டிங்ஸ் தெரு, கிளைவ் சதுக்கம்! இதெல்லாம் நம்ம சரித்திரப் பாடம் ஆச்சே!" என்றாள்.

ஆமாம். ஊரின் பெயரே நம் பக்கத்துச் சரித்திரம்தான். 1843-ல் சிந்து தேசத்தைப் பிடித்த ஆங்கிலத் தளபதி சர் சார்ல்ஸ் நேப்பியரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. 1850-களில் இங்கே அதிகாரியாக இருந்த ஆல்பிரெட் டோமெட் என்பவர் தெருக்களுக்குப் பெயர் சூட்டினார். பாதிக்கு இந்தியாவில் சண்டை போட்டவர்களின் பெயர். மீதிக்குக் கவிஞர்கள், எழுத்தாளர்களின் பெயர். டோமெட்டும் ஒரு கவிஞர்! ஆகவே டென்னிஸன் தெருவில் நடந்தால் ஹேஸ்டிங்ஸ் தெரு குறுக்கே வருகிறது. அதற்கெல்லாம் முன்னால் மாவோரி ஜனங்கள் இந்தப் பகுதிக்கு வைத்திருந்த பெயர் அஹுரிரி. துறைமுகப் பக்கத்துக்கு இன்றும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

இரண்டரை நிமிஷம்

இனி அந்தத் துயரமான நாளைச் சொல்ல வேண்டும்.

1931-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை மணி 10-47. கடைகள் திறந்தாகிவிட்டன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அப்போது பூமி குலுங்கியது. 7.8 அளவுள்ள பூகம்பம். சுமார் இரண்டரை நிமிஷம். அவ்வளவுதான். செங்கல் கட்டிடங்கள் எல்லாம் தெருவில் சரிந்தன. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த நர்ஸுகள் விடுதி இடிந்து, ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் அதன் கீழே அகப்பட்டார்கள்.

பிறகு மருந்துக் கடைகளில் தீப்பிடித்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை. பூமிக்குள் குழாய்கள் உடைந்திருந்தன. பூகம்பம் விட்டு வைத்ததைத் தீ தின்றது. நேப்பியரிலும் பக்கத்து ஊர்களிலுமாக 256 பேர் மாண்டார்கள். நியூஸிலாந்து சரித்திரத்தில் இயற்கையின் சீற்றத்துக்கு ஒரே நாளில் இத்தனை உயிர் பலியானது வேறெப்போதும் இல்லை.

அன்று காலைதான் துறைமுகத்துக்கு வெரோனிகா என்ற போர்க்கப்பல் வந்திருந்தது. கடலின் அடித்தரையே மேலே எழும்பியதால் அது தட்டிப்போய் நின்றது. ஆனால் அதன் ரேடியோ வேலை செய்தது. வெளி உலகுக்குச் செய்தி போயிற்று. மாலுமிகள் கரையேறி இடிபாடுகளைத் தோண்டினார்கள். மறுநாளே ஆக்லண்டிலிருந்து இரண்டு கப்பல்கள் டாக்டர்களையும் நர்ஸுகளையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. கடற்கரையில் இன்று அந்த வெரோனிகாவின் பெயரால் ஒரு வெயில் மண்டபம் இருக்கிறது. நாங்கள் கொண்டுபோன தயிர்சாதத்தை அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

ஒரு விஷயத்தை நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும். செங்கல் கட்டிடங்கள் விழுந்த ஊரில், மர வீடுகள் பெரும்பாலும் நின்றன. மரம் ஆடும், வளைந்து கொடுக்கும். புகைபோக்கிகள்தான் விழுந்தன. அதனால் வீடு இருந்தும் உள்ளே அடுப்பு மூட்ட முடியாமல், தோட்டத்தில் கல் கூட்டிச் சமைத்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேர் கூடாரத்தில் இருந்தார்கள்.

"நாம இந்த வண்டியில நாலு நாள் இருக்கறதுக்கே மூக்கால அழறோம்" என்றாள் அம்மா.

பால்கோவா நிறத்தில் ஓர் ஊர்

கிளைவ் சதுக்கத்தில் தகரத்தால் கடைகள் எழும்பின. தகர நகரம் என்றே அதற்குப் பெயர். அங்கே வியாபாரம் நடக்க, இங்கே கட்டிட வேலை நடந்தது. ஊரில் இருந்த கட்டிடக் கலைஞர்கள், எனக்கு உனக்கு என்று போட்டி போடாமல் ஒன்று சேர்ந்து வேலை செய்தார்கள். சில தெருக்களை அகலப்படுத்தினார்கள். முச்சந்திக் கட்டிடங்களின் முனையைச் சாய்வாக வெட்டினார்கள். மின்சாரக் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோனார்கள். 1933 ஜனவரியில், "புது நேப்பியர் பிறந்துவிட்டது" என்று திருவிழாவே கொண்டாடிவிட்டார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை!

அப்போது உலகெங்கும் பரவியிருந்த ஆர்ட் டெக்கோ என்ற பாணியில் ஊரையே கட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் வெறும் நாகரிகம் அல்ல. பழைய கட்டிடங்களின் உச்சியில் இருந்த கனமான சிற்ப வேலைகள் விழுந்துதான் பலர் செத்தார்கள். ஆகவே புதிய கட்டிடங்களில் பிதுங்கி நிற்கும் அலங்காரம் கிடையாது. கான்கிரீட் சுவர், அதில் மெல்லிய புடைப்பாகக் கோடுகள், உதிக்கும் சூரியன், பூக்கள். செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. ஒரு வங்கிக் கட்டிடத்தில் மாவோரி மரச் செதுக்கு வேலையின் கோலங்களையே அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இளம் வர்ணங்கள். அம்மாவின் பாஷையில், ஒன்று பால்கோவா, ஒன்று ரோஸ் மில்க், ஒன்று பிஸ்தா பர்பி.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு மூதாட்டி. 1930-களின் மோஸ்தரில் தொப்பி அணிந்திருந்தார். தம்பி இதுதான் சமயம் என்று ஆரம்பித்தான்: "பார்த்தியாம்மா? பழசு போனா என்ன? இடிச்சுக் கட்டினா எவ்வளவு அழகா இருக்கு!"

அம்மா நின்றாள். "இதை யாரும் இடிக்கலைடா. பூமி இடிச்சுது. ரெண்டும் ஒண்ணா?"

தம்பி கப்சிப்.

சற்று நேரம் கழித்து அம்மா என்னிடம், "பழைய ஊர் போச்சேன்னு யாரும் அழலையான்னு அந்த அம்மாவைக் கேளு" என்றாள். கேட்டேன். மூதாட்டி தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "அப்போது அழ நேரம் ஏது? என் பாட்டிக்கு அழுகை பிற்பாடுதான் வந்தது. சாகிற வரையில் செங்கல் சுவர் ஓரமாக அவர் நடக்கவே இல்லை."

அதோடு இன்னொன்றும் சொன்னார். பிற்காலத்தில் இந்த ஆர்ட் டெக்கோ கட்டிடங்களையே "பழசு" என்று சொல்லி ஒவ்வொன்றாக இடிக்க ஆரம்பித்தார்களாம். அதைப் பார்த்துப் பதறிய சிலர் 1985-ல் ஓர் அறக்கட்டளை வைத்து மீதியைக் காப்பாற்றினார்கள். இப்போது பிப்ரவரி தோறும் அந்தக் காலத்து உடை உடுத்தி, அந்தக் காலத்துக் கார்களை ஓட்டி விழாக் கொண்டாடுகிறார்கள்.

இதை நான் தமிழில் சொன்னபோது அம்மா தம்பியைப் பார்க்கவில்லை. தம்பிதான் அம்மாவைப் பார்த்தான். ஊர் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னால் வக்கீல் என்ன செய்வார்?

கடல் இருந்த இடம்

மாலையில் மரீன் பரேட் தோட்டத்தில் ஒரு வெண்கலப் பெண்ணைப் பார்த்தோம். பானியா என்று பெயர். 1954-ல் வைத்த சிலை. மாவோரிக் கதையில் அவள் கடற்கன்னி. ராத்திரி கரைக்கு வந்து போனவள், கரிடோகி என்ற இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் விடிந்ததும் கடலில் இருக்கும் தன் ஜனங்களிடம் திரும்பிவிடுவாள். சமைத்த உணவு உள்ளே போனால் அவளால் திரும்ப முடியாது என்று யாரோ சொல்ல, அவள் தூங்கும்போது புருஷன் வாயில் உணவை வைத்தான். ஆந்தை அலறியது, விழித்துக்கொண்டு ஓடியவள் பிறகு வரவே இல்லை. கடலுக்குள் பாறைத் திட்டாக இருக்கிறாளாம். 2005-ல் இந்தச் சிலையை யாரோ திருடிக்கொண்டு போக, ஊரே கலங்கி, திரும்பக் கிடைத்த பிறகுதான் மூச்சு விட்டதாம்.

அம்மா அந்தச் சிலையின் முன்னால் வெகு நேரம் நின்றாள். "கேட்டிருந்தா இருந்திருப்பாளோ என்னவோ. தூங்கறபோது ஊட்டினா?" என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அஹுரிரிப் பக்கம் போனோம். அங்கே 1933-ல் லூயி ஹே என்ற கலைஞர் கட்டிய புகையிலைக் கம்பெனிக் கட்டிடம் இருக்கிறது. சதுரத்துக்குள் ஒரு வளைவு, அதைச் சுற்றி ரோஜாப் பூக்கள். கல்யாண மண்டபம் என்று சத்தியம் செய்வீர்கள்.

அங்கிருந்து விமான நிலையம் பக்கம் வண்டியை ஓட்டி, ஒரு பசும்புல் வெளி ஓரமாக நிறுத்தினான் தம்பி. "இதுவும் 1931 வரைக்கும் கடல்தாம்மா. உப்பங்கழி. படகு போன இடம். பூகம்பத்தில் தரை சுமார் இரண்டு மீட்டர் உயர்ந்து, தண்ணீர் வடிந்துவிட்டது. அத்தனையும் புது நிலம்! விமான நிலையம், வீடுகள், மேய்ச்சல் நிலம் எல்லாம் அதன் மேல்தான்" என்றான்.

ஆனால் இங்கே பூமி கொடுத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. 2023 பிப்ரவரி 14-ஆம் தேதி கேப்ரியல் என்ற புயல் அடித்து, ஆறுகள் பெருகி, பாலங்கள் போய், நேப்பியர் பல நாள் மின்சாரம் இல்லாமல் தனித்துக் கிடந்தது. நாங்கள் வந்த டாப்போ மலைச் சாலை வாரக்கணக்கில் மூடியிருந்தது. திரும்பவும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, திரும்பவும் கடையைத் திறந்திருக்கிறார்கள். இந்த ஊர் ஜனங்களுக்கு நிலம் என்றால் நிலையானது என்ற பிரமை கிடையாது.

பென்சில்

கடைசி ராத்திரி. வண்டிகள் தங்கும் பூங்காவில் மின்சாரம் கொடுக்கும் ஓர் இடத்தில் நிறுத்தியிருந்தோம். சாப்பாடு ஆயிற்று. மேஜையை இறக்கிப் படுக்கை போடப் போனபோது அம்மா, "இருக்கட்டும். அந்தக் காகிதத்தை எடு" என்றாள்.

தம்பி திடுக்கிட்டான். "எந்தக் காகிதம்?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? வண்டியில ஒளிக்க இடம் ஏதுடா?"

அவன் எடுத்துக் கொடுத்தான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பிறகு சொன்னாள்: "வீட்டை இடிக்கறதுக்காக நான் அழலை. கூடம் ஒழுகறது எனக்குத் தெரியாதா? வாளி வெக்கறது நான்தானே! அங்கே என்ன கட்டப் போறீங்கன்னு ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த ஊர்ல பாரு, இருந்தவங்களே சேர்ந்து உட்கார்ந்து கட்டினாங்க. என் வீட்டை மட்டும் நான் தூங்கறபோது கட்டப் பார்க்கறீங்க."

தம்பி தலை குனிந்தான். 'அரைச் சம்மதம்' என்று ஒதுங்கி நின்ற நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் முகம் சுட்டது.

தம்பி மனைவிதான் எழுந்து, பூங்காவில் கொடுத்த வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, ஒரு பென்சிலை அம்மாவிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்க, அத்தை."

அம்மா போட்டாள். அடுக்களை ஜன்னல் கிழக்கே. அப்பா வைத்த வேப்ப மரத்தை வெட்டக் கூடாது. மதில் சுவர் வேண்டுமானால் வளையட்டும். கூடத்துத் தேக்குக் கதவு புது வீட்டுக்கும் வாசல் கதவாக வர வேண்டும். ஊஞ்சல் மாட்ட உத்தரத்தில் கொக்கி. மணி பதினொன்று ஆகிவிட்டது. "இதைக் கட்டிடக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டுமே" என்றான் தம்பி மெல்ல.

"ஒப்புக்கட்டும். அப்புறம் கையெழுத்து" என்றாள் அம்மா.

விடியற்காலை எழுந்தபோது வண்டியின் கதவு திறந்திருந்தது. படிக்குக் கீழே, தார்த் தரையில், அரிசி மாவால் ஒரு சிறிய கோலம். நாலு குருவிகள் அதைச் சுற்றி ஏகப்பட்ட சுறுசுறுப்போடு வேலை செய்துகொண்டிருந்தன.

"வண்டி கிளம்பினா கோலம் இங்கேயே நின்னுடுமே, அம்மா?" என்றேன்.

"நிக்கட்டும். நாலு நாள் இருந்த வீடுதானே?" என்றவள், அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"ம், போகலாம்."